பந்திக்கு முந்துவது யார்?

1962-ல் கடவுள் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஏழு பேராக இருந்தார். ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு பேங்க்காரர், ஓர் இல்லத்தரசி, மாநில அரசு அதிகாரி ஒருவர், தொழிற்சங்கத் தலைவர் ஒருவர், ஊறுகாய்க்கு ஓர் அறுவை சிகிச்சை டாக்டர். கடவுளுக்குச் சம்பளம் கிடையாது. பெயரை வெளியே சொல்லவும் கூடாது. அவ்வப்போது ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, சிறுநீரகம் கைவிட்டவர்களின் காகிதங்களைப் புரட்டுவார். இவர் இருக்கட்டும், இவர் கிளம்பட்டும் என்று முடிவு செய்வார். பிறகு அவரவர் ஆபீசுக்குப் போய்விடுவார். எமதர்மன் இத்தனை யுகமாக ஓர் எருமையையும் ஒரு கணக்கப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு ஒண்டியாகச் செய்துவரும் வேலைக்கு அமெரிக்கர்கள் கமிட்டி போட்டார்கள்.

அதிகாரபூர்வப் பெயர் ‘சேர்க்கை மற்றும் கொள்கைக் குழு’. ஊர் வைத்த பெயர் ‘கடவுள் கமிட்டி’. இதில் எது பொருத்தம் என்று போகப்போகத் தெரியும். அதற்குமுன் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம்.

வைத்தியத்தில் யார் முதலில் என்கிற கேள்விக்குப் பழைய ஐரோப்பியப் போர்க்களங்களில் மிகத் தெளிவான பதில் இருந்தது. தளபதி முதலில். அப்புறம் அதிகாரிகள். சிப்பாய் விழுந்த இடத்திலேயே கிடக்கலாம். சண்டை ஓய்ந்ததும் யாராவது வந்தால் வருவார்கள். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று நம்மூரில் கிண்டலாகச் சொல்வதை அந்தப் பிரபுக்கள் ராணுவ விதியாகவே வைத்திருந்தார்கள். படைக்குப் பிந்தி நின்ற தளபதிக்குச் சிராய்ப்பு பட்டாலும் வைத்தியப் பந்தியில் தலைவாழை இலை அவருக்குத்தான்.

இதைக் கெடுத்தவர் டொமினிக் லாரே. நெப்போலியன் படையின் மருத்துவர். 1792-லேயே இலகுவான குதிரை வண்டிகளைப் போர்க்களத்துக்குள் விரட்டி, அடிபட்டவர்களைச் சண்டை நடக்கும்போதே அள்ளிக்கொண்டு வரும் யோசனை அவருக்கு வந்துவிட்டது. பறக்கும் ஆம்புலன்ஸ் என்று பெயர். அத்தோடு விட்டிருந்தால் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியிருப்பார். காயம் எவ்வளவு மோசம் என்பதுதான் கணக்கு, தோள்பட்டையில் எத்தனை பட்டை என்பது கணக்கில்லை, எந்த நாட்டுக்காரன் என்பதும் கணக்கில்லை என்று அடுத்த குண்டைப் போட்டார். 1812-ல் ரஷ்யாவின் போரோடினோ போரில் ஒரே நாளில் 200 கை கால்களை வெட்டியெடுத்தார் என்பது அவருடைய பெருமைகளில் ஒன்று. மயக்க மருந்து அப்போது கிடையாது. ஆகவே வரிசையில் முதலிடம் கிடைத்த சிப்பாய் அதற்காகச் சந்தோஷப்பட்டிருப்பானா என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை.

லாரேக்கு இந்த விதி லாபமாகவே முடிந்தது. 1815-ல் வாட்டர்லூவில் பிரஷ்யப் படையிடம் மாட்டிக்கொண்டார். சுட்டுத்தள்ள ஏற்பாடானது. கடைசி நேரத்தில் யாரோ அடையாளம் கண்டு தளபதி ப்ளூச்சரிடம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ப்ளூச்சரின் மகன் ஒருமுறை அடிபட்டுப் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியபோது, எதிரிப் பையன் என்று பார்க்காமல் வைத்தியம் பார்த்தவர் இதே லாரே. தலை தப்பியது. நெப்போலியன் தன் உயிலில் லாரேக்கு 1,00,000 ஃப்ராங்க் எழுதிவைத்துவிட்டுப் போனார்.

லாரேயின் விதி அழகானதுதான், கத்தியும் கட்டுத்துணியும் தீராதவரைக்கும். மருந்தே ஒரு கரண்டிதான் இருக்கிறது என்றால்?

1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபர்டில் ஒரு போலீஸ்காரருக்கு அந்த ஒரு கரண்டியைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெனிசிலின். முகமெல்லாம் சீழ் பிடித்துக் கிடந்தவர் நான்கைந்து நாளில் எழுந்து உட்கார்ந்தார். பிரிட்டனிலிருந்த மொத்த மருந்தும் ஏறக்குறைய அவர் உடம்புக்குள் போய்விட்டது. அவரிடமிருந்து வெளியேறிய சிறுநீரைப் பிடித்து, ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், அதிலிருந்து பெனிசிலினை மறுபடி வடித்தெடுத்து, மறுபடி அவருக்கே ஊசி போட்டார்கள். சிறுநீர்ப் பாத்திரத்தோடு சைக்கிள் மிதித்த விஞ்ஞானிகளை உலகம் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அப்படியும் போதவில்லை. மார்ச்சில் அந்த மனிதர் இறந்துபோனார்.

இரண்டு வருடம் கழித்து வட ஆப்பிரிக்கப் போர்முனையில் மருந்து கொஞ்சம் வந்தது. தேவை அதைவிட அதிகம். கூடாரத்தில் இரண்டு வகை நோயாளிகள் இருந்தார்கள். போரில் குண்டடிபட்டுச் சீழ் வைத்தவர்கள் ஒரு பக்கம். லீவு நாளில் விலைமாதர் வீட்டுக்குப் போய் வெட்டை நோய் வாங்கி வந்தவர்கள் இன்னொரு பக்கம். லாரே இருந்திருந்தால் எந்தப் பக்கம் திரும்பியிருப்பார் என்பதில் சந்தேகமில்லை. ஹார்வர்டு மருத்துவர் ஹென்றி பீச்சர் பின்னாளில் எழுதியபடி, மருந்து இரண்டாவது கட்சிக்கே போனது. காரணம் கேட்டால் வாயடைத்துவிடும். குண்டடிபட்டவன் தேறினாலும் மாதக்கணக்கில் படுக்கை. வெட்டை நோய்க்காரன் ஒரு வாரத்தில் துப்பாக்கி தூக்குவான். ராணுவத்துக்கு வேண்டியது துப்பாக்கி தூக்க ஆள். ஒழுக்கம் பற்றிய புகார்களைப் பாதிரியாரிடம் கொடுக்கவும்.

எனக்கென்னவோ இந்தக் கதையில் ஒரு வக்கிரமான நேர்மை தெரிகிறது. அவர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதை மறைக்கவில்லை. சியாட்டில் கடவுள்களிடம் அதுதான் இல்லாமல் போனது.

சியாட்டிலுக்குப் போகும் வழியில் ஹாலந்தில் ஒரு கசாப்புக் கடை இருக்கிறது. ஜெர்மன் படை நாட்டைப் பிடித்துவைத்திருந்த காலம். காம்பென் என்ற சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் டாக்டர், சிறுநீரகம் செய்யும் வேலையை வெளியே ஓர் இயந்திரம் செய்யட்டுமே என்று கிளம்பினார். தொத்திறைச்சிக்கு உறையாகப் போடும் செல்லோஃபேன் குழாயை வாங்கி, ஒரு மர உருளையில் சுற்றி, பாதி உருளை உப்புத் தண்ணீர்த் தொட்டியில் முங்கும்படி வைத்துச் சுழற்றினார். குழாய்க்குள் ரத்தம் போகும். கழிவு உறை வழியாகக் கசிந்து தண்ணீருக்குள் இறங்கிவிடும். ரத்தம் ஒழுகாமல் உருளை சுழல, ஃபோர்டு காரின் தண்ணீர்ப் பம்பிலிருந்து இணைப்பு யோசனையைச் சுட்டுக்கொண்டார். 1943-ல் முதல் நோயாளி. அடுத்த இரண்டு வருடத்தில் பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள். இயந்திரத்தால்தான் பிழைத்தார் என்று அவர்களில் ஒருவரையும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

1945 செப்டம்பரில் 67 வயதுக் கிழவி ஒருத்தி நினைவிழந்து வந்து சேர்ந்தாள். வந்தது சிறையிலிருந்து. போர்க்காலத்தில் நாஜிகளுக்கு ஒத்தாசை செய்தவள் என்று பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள். ஊர்க்காரர்களிடம் கேட்டிருந்தால் அந்த உருளையால் அவளை நசுக்கத்தான் சொல்லியிருப்பார்கள். கோல்ஃப் ஊரைக் கேட்கவில்லை. இயந்திரத்தில் போட்டார். சில மணி நேரம் கழித்துக் கிழவி கண் திறந்தாள். முதல் வார்த்தையாக, புருஷனை விவாகரத்து செய்யப் போகிறேன் என்று சொன்னதாகக் கோல்ஃப் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். செய்தும் காட்டினாளாம். செயற்கைச் சிறுநீரகம் காப்பாற்றிய முதல் உயிர் அவள். காம்பெனில் மட்டும் ஒரு கமிட்டி இருந்திருந்தால், சிறுநீரக மருத்துவம் இன்னும் சில காலம் தொத்திறைச்சிக் கடையிலேயே நின்றிருக்கும்.

கோல்ஃபின் இயந்திரத்தில் ஒரு சிக்கல். ஒவ்வொரு முறையும் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் அறுத்துக் குழாய் செருக வேண்டும். சீக்கிரமே உடம்பில் குத்த இடம் தீர்ந்துவிடும். தற்காலிகமாகச் சோர்ந்த சிறுநீரகத்துக்கு இது போதும். ஒரேயடியாகக் கைவிட்ட சிறுநீரகத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர், இப்படி ஒரு நோயாளியைச் சாவதற்காக வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்தார். நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்தவருக்கு யோசனை வந்தது: குழாயை எடுப்பானேன்? கையிலேயே இருக்கட்டுமே. ஒரு முனை தமனியில், மறுமுனை சிரையில். சிகிச்சை இல்லாத நாளில் இரண்டையும் வளைந்த ஒரு துண்டுக் குழாயால் இணைத்துவிட்டால் ரத்தம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். ரத்தம் ஒட்டி உறையாத பொருள் வேண்டும். பின்னாளில் நம் வீட்டுத் தோசைக்கல்லுக்கு வந்து சேர்ந்த அதே டெஃப்லான் கிடைத்தது. 1960 மார்ச் 9 அன்று கிளைட் ஷீல்ட்ஸ் என்ற மெஷினிஸ்ட் கையில் அதைப் பொருத்தினார்கள். நாள் எண்ணிக்கொண்டிருந்த ஷீல்ட்ஸ் அதற்குப் பிறகு 11 வருடம் வாழ்ந்தார்.

கஷ்டம் இங்கேதான் ஆரம்பித்தது. முன்னெல்லாம் சிறுநீரகம் போனால் ஆள் போனார். யாரையும் குறை சொல்ல முடியாது. இப்போது வாரத்துக்கு இரண்டு ராத்திரி இயந்திரத்தோடு இணைத்தால் ஆள் இருப்பார். ஆனால் இயந்திரம் கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான். ஆளுக்கு வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேல் செலவு. பல்கலைக்கழக ஆஸ்பத்திரி கணக்குப் பார்த்தது. இந்த நோயாளிகள் குணமாகி வீட்டுக்குப் போகிறவர்களும் இல்லை, சாகிறவர்களும் இல்லை. இப்படியே போனால் கஜானா காலி. இனிமேல் புதிய ஆள் வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டது. ஸ்க்ரிப்னர் நன்கொடை திரட்டி, ஸ்வீடிஷ் ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் விடுதியின் அடித்தளத்தில், 1962 ஜனவரியில் தனி மையம் திறந்தார்.

உள்ளே யாரை விடுவது? உள்ளூர் மருத்துவச் சங்கம் உத்தியோக உலகின் மூத்த சூத்திரத்தைக் கையாண்டது: தலைவலி பிடித்த ஃபைலைப் பக்கத்து மேஜைக்குத் தள்ளு. உடம்பு தாங்குமா என்று சலித்துக் கொடுப்பதோடு எங்கள் வேலை சரி; தாங்கும் என்று தேறியவர்களில் யார் பிழைப்பது என்பது சமுதாயத்தின் பாடு என்றார்கள் டாக்டர்கள். சமுதாயம் எங்கே இருக்கிறது என்று தேடி, மேலே சொன்ன ஏழு பேரைப் பிடித்துவந்தார்கள். சமுதாயத்தில் ஒரு பேங்க்காரர் இருந்தார். ஒரு தச்சரோ, ஓட்டல் பாத்திரம் கழுவுபவரோ, வேலை போனவரோ அதில் தட்டுப்படவில்லை.

45 வயதுக்கு மேல் கூடாது, குழந்தைகள் கூடாது என்று டாக்டர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டதால் கடவுளுக்கு வேலை கொஞ்சம் குறைந்தது. வாஷிங்டன் மாநிலத்துக்காரராக இருக்க வேண்டும் என்று கடவுளே ஒரு விதி போட்டார். ஆராய்ச்சிக்கு வரிப்பணம் கொடுத்தது அவர்கள்தானே. எல்லைக்கு அந்தப்பக்கம் சிறுநீரகம் கெட்டவர் அந்தப்பக்கத்துக் கடவுளைப் பார்த்துக்கொள்ள வேண்டியது. மிச்சமிருந்தவர்களை எடைபோட ஒரு பட்டியல் தயாரித்தார்கள். வயது, ஆணா பெண்ணா, கல்யாணம் ஆனதா, எத்தனை பேர் நம்பியிருக்கிறார்கள், வருமானம், சொத்து, மன உறுதி, படிப்பு, உத்தியோகம், இதுவரை சாதித்தது, இனிமேல் சாதிக்கப்போவது, பரிந்துரைக்க யார் இருக்கிறார்கள். இந்தப் பட்டியலை நம்மூர்க் கல்யாணத் தரகர் பார்த்தால், ஜாதகத்தை மட்டும் ஏன் விட்டார்கள் என்று கேட்பார்.

ஷேனா அலெக்ஸாண்டர் என்ற பத்திரிகையாளர் இந்த ஏழு பேரோடு உட்கார்ந்து பேசி, 1962 நவம்பர் 9 தேதியிட்ட ‘லைஃப்’ இதழில் நீளமாக எழுதினார். கமிட்டி எப்படி யோசிக்கிறது என்று அவருக்குப் பேசிக்காட்டினார்கள். அந்தப் பேச்சை நான் சிரிக்காமல் படித்து முடித்ததில்லை. சிரித்துவிட்டு நன்றாக உணர்ந்ததும் இல்லை.

சின்ன வியாபாரி ஒருவர், மூன்று பிள்ளைகள். இவர் சர்ச் காரியங்களில் ஈடுபாடு உள்ளவர் என்று அவருடைய டாக்டர் மெனக்கெட்டுக் குறித்திருக்கிறாரே, இது நல்ல குணத்துக்கு அடையாளம் என்று அறுவை சிகிச்சைக்காரர் எடுத்துக்கொடுக்கிறார். பாதிரியார் சொல்லியிருந்தால் புரியும், சொன்னவர் டாக்டர். ஆமாம், சிகிச்சையின் கஷ்டங்களைத் தாங்க அந்தப் பக்தி உதவும் என்கிறார் இல்லத்தரசி. மெதுவாகச் சாவதைத் தாங்கவும் உதவும் என்கிறார் வக்கீல். கமிட்டியில் ஒரே ஆளுக்காவது தாங்கள் என்ன பேசிக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்திருந்தது.

இன்னும் இரண்டு பேர். செத்தாலும் பெண்டாட்டி பிள்ளைகள் தெருவுக்கு வராதபடி சேர்த்துவைத்தவர்கள். அப்படியானால் இவர்களை விட்டுவிடலாமே, சமூகத்துக்குச் சுமையில்லையே என்று ஒரு வாதம். அது எப்படி, பொறுப்பாகச் சேமித்தவனுக்குத் தண்டனையா என்று எதிர்வாதம். ஊதாரிக்கு உயிர், சிக்கனக்காரருக்குச் சவப்பெட்டி என்பது பேங்க்காரர் இருக்கும் சபையில் எடுபடுமா? அப்புறம் பிள்ளைகளின் எண்ணிக்கை வந்தது. மூன்று பிள்ளைகளோடு விதவையானவளுக்கு மறுபடி கல்யாணம் ஆகும் வாய்ப்பு உண்டு. ஆறு பிள்ளைகளோடு நிற்கும் இளம் விதவைக்கு யார் வருவான்? ஆகவே ஆறு பெற்றவனுக்கு முன்னுரிமை. அந்த வருடம் சியாட்டிலில் பிள்ளை பெறுவதற்கு இதைவிட நல்ல காரணம் யாரும் சொல்லியிருக்க முடியாது.

‘லைஃப்’ கட்டுரை வந்தபின் ஊர் இரண்டுபட்டது. பேராசிரியர்கள் பேனாவைத் தூக்கினார்கள். 1968-ல் ஒரு மனநல மருத்துவரும் ஒரு சட்டப் பேராசிரியரும் சேர்ந்து சட்ட இதழ் ஒன்றில் கமிட்டியைத் துவைத்துக் காயப்போட்டார்கள். இந்தப் பட்டியலின்படி தேறுவது நடுத்தர வர்க்கத்து நல்ல பிள்ளை மட்டும்தான். சிறுநீரகம் கெட்ட ஹென்றி டேவிட் தோரோவுக்கு அந்த வட்டாரத்தில் பிழைப்பில்லை என்கிற அர்த்தத்தில் அவர்கள் எழுதியது ரொம்பப் பிரபலம். நியாயம்தான். தோரோவுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, சொத்து இல்லை, சர்ச்சோடு ஒட்டில்லை. வரி கட்ட மாட்டேன் என்று ஒரு ராத்திரி ஜெயிலில் இருந்தவர். குளக்கரையில் குடிசை போட்டு அவரை விதைத்தவர். பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவார்? நம் பாரதியாரும் இந்தக் கமிட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறியிருப்பார்.

இத்தனைக்கும் அந்த ஏழு பேர் கெட்டவர்கள் என்று எங்கும் தெரியவில்லை. நல்லவர்கள், நொந்தவர்கள், கும்பிட்டுக்கொண்டே செய்தவர்கள். நல்ல மனிதன் என்றால் யார் என்று யோசித்தபோது ஆளுக்கொரு கண்ணாடியில் தெரிந்த முகத்தை எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான்.

1964-ல் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் பெயர் வந்தது. பிள்ளைகளுக்கு இடமில்லை என்று கமிட்டி கைவிரித்தது. அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர் லெஸ் பாப். பல்கலைக்கழகத்தில் அணுசக்தி இன்ஜினீயரிங் வாத்தியார். அவர் கமிட்டிக்கு மனுப் போடவில்லை, மேல்முறையீடு செய்யவில்லை. தன் குழுவோடு ஆய்வுக்கூடத்தில் புகுந்து, சில மாதத்தில் வீட்டில் வைத்து ஓட்டக்கூடிய ஒரு சின்ன டயாலிசிஸ் இயந்திரத்தைச் செய்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் மேலும் நான்கு வருடம் வாழ்ந்தாள். பின்னாளில் வந்த இயந்திரங்கள் பலவும் அந்தப் பெட்டியின் வாரிசுகள். முன்னுரிமை பற்றிக் கட்டுரை எழுதியவர்கள் எண்ணிக்கைக்கு இன்ஜினீயர்கள் இருந்திருந்தால் கமிட்டி சீக்கிரமே கடையைக் கட்டியிருக்கும்.

கடை கட்டப்பட்டது வேறு விதமாக. 1971 நவம்பரில் ஷெப் கிளேசர் என்ற நோயாளி, அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் சாட்சி சொல்ல வந்தார். கையில் காகிதம் கொண்டுவருவார் என்று எதிர்பார்த்தார்கள். இயந்திரத்தைக் கொண்டுவந்தார். உறுப்பினர்கள் கண்முன்னால் ரத்தம் குழாயில் ஓட, சில நிமிடம் டயாலிசிஸ் நடந்தது. அடுத்த வருடம் செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, செனட்டில் வான்ஸ் ஹார்ட்கி ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: சிறுநீரகம் போனவர் யாராயிருந்தாலும் மெடிகேர் திட்டத்தில் அரசே செலவைப் பார்த்துக்கொள்ளும். அரை மணி நேரம்கூடப் பேசவில்லை. 52-க்கு 3 ஓட்டில் தேறியது. அக்டோபர் 30 அன்று நிக்ஸன் கையெழுத்திட்டார். பத்து வருடமாகத் தத்துவப் பேராசிரியர்கள் முட்டிமோதிய கேள்விக்கு, வார இறுதிக்கு வீடு போகும் அவசரத்திலிருந்த செனட்டர்கள் பதில் எழுதிவிட்டார்கள். எல்லோருக்கும் கொடு.

எல்லோருக்கும் என்றால் சிறுநீரகம் கெட்ட எல்லோருக்கும். இதயம் கெட்டவர், கல்லீரல் கெட்டவர், புற்றுநோய்க்காரர் வழக்கம்போலத் தங்கள் பர்ஸைப் பார்த்துக்கொள்ளலாம். உறுப்புகளுக்குள்ளேயே ஒன்றுக்கு மட்டும் ராஜமரியாதை கொடுத்த நாடு அது. செலவு மதிப்பீடெல்லாம் சில வருடத்திலேயே காற்றில் பறந்தது. இன்றைக்கு அங்கே டயாலிசிஸில் இருப்பவர்கள் 5 லட்சத்துக்கும் மேல்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த மேற்குக் கரை மாநிலம் ஓரிகன், இனி மனிதர்களை வைத்துத் தேர்ந்தெடுக்கும் தப்பை நாம் செய்யக்கூடாது என்று நினைத்தது. கணக்குப் போடலாம். கணக்குக்கு யார் சர்ச்சுக்குப் போகிறார் என்று தெரியாது.

தூண்டியது ஒரு சோகம். 1987-ல் ஏழைகளுக்கான மெடிகெய்ட் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று யோசித்த சட்டசபை, சுமார் 30 பேருக்கான உறுப்பு மாற்றுச் சிகிச்சையை நிறுத்திவிட்டு, சுமார் 1,500 பேருக்குக் கர்ப்பகால கவனிப்பு உள்ளிட்ட அடிப்படை வைத்தியம் கொடுக்கத் தீர்மானித்தது. காகிதத்தில் 1,500 பெரிய எண், 30 சிறிய எண். அந்த 30-ல் ஒன்று, ரத்தப் புற்றுநோய் வந்த ஏழு வயதுப் பையன். எலும்பு மஜ்ஜை மாற்ற ஊரெல்லாம் உண்டியல் குலுக்கியும் பணம் நிறையவில்லை. டிசம்பரில் இறந்துபோனான். 1,500-க்கு முகம் கிடையாது. பையனுக்கு இருந்தது, டெலிவிஷன் பூராவும்.

மாநில செனட் தலைவராக இருந்தவர் ஜான் கிட்ஸ்ஹேபர். அவசரப் பிரிவு டாக்டர். ஜீன்ஸும் பூட்ஸும் போட்டுக்கொண்டு சட்டசபைக்கு வருவார். ஒவ்வொரு ராத்திரியும் யாரை முதலில் பார்ப்பது என்று முடிவெடுத்துப் பழகியவருக்கு, மாநிலத்துக்கே அப்படி ஒரு முடிவெடுத்தால் என்ன என்று தோன்றியது. எல்லா வியாதிகளையும் வரிசையாக எழுது, எல்லாவற்றுக்கும் விலை போடு, பணம் தீரும் இடத்தில் ஒரு கோடு கிழி. கோட்டுக்கு மேலே கிடைக்கும், கீழே கிடைக்காது. 1989-ல் சட்டமானது. 11 பேர் கமிஷன். இவர்களுக்கும் சம்பளம் கிடையாது. இம்மாதிரி வேலைகளுக்கு எந்த நாட்டிலும் சம்பளம் கொடுப்பதில்லை என்பதைக் கவனிக்கவும்.

மக்கள் கருத்தறிய 47 கூட்டங்கள் போட்டார்கள். ஆயிரம் பேருக்குச் சற்று அதிகமாக வந்தார்கள். வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு மருத்துவத் துறையிலேயே வேலை பார்ப்பவர்கள். ஏழைகளின் திட்டத்துக்கு ஏழைகள் வரவில்லை. வேலைநாள் சாயந்திரம் கூட்டத்துக்கு வர ஏழைக்கு ஏது நேரம்? அப்புறம் தொலைபேசியில் 1,001 பேரைக் கூப்பிட்டு, நடக்க முடியாமல் போனால் வாழ்க்கை எவ்வளவு மோசம், கண்ணாடி போட நேர்ந்தால் எவ்வளவு மோசம் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். கண்ணாடிக்குக்கூட ஓரிகன் மக்கள் கொஞ்சம் மார்க் குறைத்தார்கள். எந்த வைத்தியம் எவ்வளவு பலன் தரும் என்பதை டாக்டர்களிடம் படிவம் கொடுத்து நிரப்பி வாங்கினார்கள்.

எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனது. சூத்திரம் எளிது. வைத்தியத்தின் செலவை எடு. கிடைக்கும் பலனையும் பலன் நீடிக்கும் வருடங்களையும் பெருக்கி, அதனால் வகு. குறைந்த விடை வந்தால் மேலே, அதிகம் வந்தால் கீழே. 1990 மே மாதம் கம்ப்யூட்டர் சுமார் 1,600 வரிகள் கொண்ட பட்டியலைத் துப்பியது.

அதில் பல்லுக்குக் கேப் போடுவது, கருக்குழாயில் தங்கிவிட்ட கருவை அறுவை செய்து எடுப்பதற்கு மேலே இருந்தது. முதலாவதைச் செய்யாவிட்டால் பல் கூசும். இரண்டாவதைச் செய்யாவிட்டால் குழாய் வெடித்துத் தாய் சாவாள். தாடை மூட்டு வலிக்குப் போடும் பட்டை, குடல்வால் அறுவைக்கு மேலே. கம்ப்யூட்டர் ஒரு தப்பும் செய்யவில்லை. கேப்புக்கு 38 டாலர். கருக்குழாய் அறுவைக்கு 4,015 டாலர். ஓர் உயிருக்கு ஆகும் செலவில் நூறு பேருக்கு மேல் சிரிக்கலாம், அதுவும் வருடக்கணக்கில். வகுத்தால் பல்தான் ஜெயிக்கும். மலிவானதும் சின்னதும் நிறையப் பேருக்குக் கிடைப்பதும் மேலே ஏறும் என்பது சூத்திரத்திலேயே எழுதியிருந்தது. பட்டியல் அச்சாகி வரும்வரை யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

கமிஷன் பட்டியலைத் தூக்கிக் குப்பையில் போட்டது. எதையெல்லாம் வேண்டாமென்று கம்ப்யூட்டரிடம் போனார்களோ, அதையே செய்தார்கள். வைத்தியங்களை 17 வகையாகப் பிரித்தார்கள். உயிர் போகும் வியாதி, வைத்தியம் செய்தால் முழுக்கக் குணம் என்பது முதல் வகை. பிரசவம் இரண்டாவது. அப்புறம் 11 பேரும் உட்கார்ந்து, இது மேலே போகட்டும், இது கீழே இறங்கட்டும் என்று கையால் ஏற்றி இறக்கினார்கள். 1991-ல் 709 வரிகள். முதலிடம் நிமோனியாவுக்கு. 587-க்குக் கீழே கோடு.

தலைநகர் வாஷிங்டனில் ஜனாதிபதி புஷ் அரசு 1992-ல் இதை நிராகரித்தது. நன்றாக நடப்பவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நடக்க முடியாதவர் வாழ்க்கைக்கு மார்க் போடச் சொன்னால் என்ன வரும்? மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பட்டியல் இது என்றார்கள். ஓரிகன் மறுபடி திருத்தியது. கிளின்டன் அரசு 1993-ல் ஒப்புக்கொள்ள, 1994 பிப்ரவரியில் திட்டம் தொடங்கியது. 696 வரிகள், 565-ல் கோடு. நல்லது நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏழைகள் புதிதாகக் காப்பீட்டுக்குள் வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், உலகமே ‘ரேஷன்’ என்று அலறிய அந்தக் கோட்டால் மிச்சமான பணம், பின்னாளில் ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது, 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. பட்டியல் போட்டதால் எது கிடைக்கும் என்பது ஊருக்கே தெரிந்துபோயிற்று. தெரிந்தபின் வெட்டுவது கஷ்டம். கோட்டை மேலே நகர்த்த வேண்டுமென்றால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். அனுமதி லேசில் வராது.

கிட்ஸ்ஹேபர் கவர்னரானார். பிறகு பொருளாதார மந்தம் வந்தது, வருமானம் விழுந்தது. கோடு அசையாது என்றால் ஆளைக் குறைப்பதுதான் வழி. திட்டத்தின் ஒரு பிரிவு 2004-ல் புதிய ஆள் சேர்ப்பதையே நிறுத்தியது. 2008 வாக்கில் சுமார் 10,000 பேருக்கு இடம் காலியானது. பெயர் கொடுங்கள் என்று அறிவித்தார்கள். ஒரு மாதத்தில் 90,000 பேர் பெயர் கொடுத்தார்கள்.

யார் முதலில்? கமிட்டி பார்த்தாயிற்று, கூட்டம் போட்டாயிற்று, தொலைபேசியாயிற்று, கம்ப்யூட்டரும் ஆயிற்று. ஓரிகன் குடவோலைக்கு வந்தது. பெயர்களைப் போட்டுக் குலுக்கினார்கள். சிறுநீரகக் கமிட்டியைத் திட்டிய தத்துவவாதிகளில் சிலர், 1970-லேயே, பேசாமல் குலுக்கிப் போடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அப்போது அது கிறுக்குத்தனமாகப் பட்டது.

10,000 இடத்துக்குச் சுமார் 30,000 பெயர்களை எடுத்தார்கள். ஏன் என்று கேட்பீர்கள். குலுக்கலில் ஜெயித்தவருக்குக் கிடைத்த பரிசு ஒரு விண்ணப்பப் படிவம். அதை நிரப்பி, வருமானச் சான்று வைத்து, 45 நாளுக்குள் அனுப்ப வேண்டும். பலர் அனுப்பவே இல்லை. அனுப்பியவர்களில் பலருக்கு, நீங்கள் போதுமான அளவு ஏழையில்லை என்று பதில் வந்தது. விதி கண் திறந்தும் படிவம் கண் திறக்கவில்லை.

பரம சந்தோஷம் அடைந்தவர்கள் பொருளாதார வல்லுநர்கள். காப்பீடு உடம்புக்கு நல்லதா என்று சோதிக்க, பாதிப் பேருக்குக் கொடுத்துப் பாதிப் பேருக்கு மறுக்கும் பரிசோதனையை எந்த ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவும் லேசில் அனுமதிக்காது. ஓரிகன் அதை இலவசமாகவே செய்து வைத்திருந்தது. ஏமி ஃபிங்கெல்ஸ்டைன், கேத்தரின் பெய்க்கர் முதலானோர் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். காப்பீடு கிடைத்தவர்களிடம் மனச்சோர்வு குறைந்தது, வைத்தியக் கடன் குறைந்தது, ரத்த அழுத்தம் குறிப்பிடும்படி குறையவில்லை, அவசரப் பிரிவுக்குப் போவது 40 சதவீதம் கூடியது என்று பெரிய இதழ்களில் கட்டுரை கட்டுரையாக எழுதினார்கள். குலுக்கலில் பெயர் வராத ஆயிரக்கணக்கானவர்களும் அந்தக் கட்டுரைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒப்பீட்டுக் குழுவில் இடம் கிடைத்தது.